குள்ள பீச் மரமும் ஏழு பேர்ச் காணியும்

பீச் மரத்தைக் குட்டையாக வைத்திருக்க மனிதர்கள் மூன்று வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒன்று, வெட்டிக்கொண்டே இருப்பது. இரண்டு, வேரைச் சாடிக்குள் அடைப்பது. மூன்று, பிறக்கும்போதே குட்டையாகப் பிறக்கிற மரத்தைத் தேடிப் பிடிப்பது. தோட்டக்கலைப் புத்தகத்தில இது ஒரு பக்கத்தில் முடிஞ்சிடும். ஆனா ஒவ்வொரு வழிக்கும் பின்னால் யாருக்குக் காணி இருந்தது, யாருடைய கை வேலை செய்தது, யார் பழத்தைச் சாப்பிட்டது என்ற கதையும் இருக்கு. இந்தக் கட்டுரை அந்தக் கதையைப் பற்றியது.

நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு பீச் புதுசு இல்ல. மற்றவங்களுக்கு அது டின்னில் வருகிற மஞ்சள் பழம், இல்லாட்டி ஒரு ஷாம்பு வாசம். அதனால முதல்ல மரம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

பெயரில் இருக்கிற பிழை

பீச்சின் தாவரவியல் பெயரில் 'பெர்சிகா' என்ற சொல் இருக்கிறது. 'பாரசீகத்தைச் சேர்ந்தது' என்று அர்த்தம். ரோமர்கள் அதைப் பாரசீக ஆப்பிள் என்றே அழைத்தார்கள், ஏன்னா அவங்களுக்கு அது அந்த வழியாத்தான் வந்து சேர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் லின்னேயஸ் பெயர் வைத்தபோதும் அந்த நம்பிக்கை அப்படியே பதிந்துவிட்டது.

உண்மையில் பீச்சின் தாய்நாடு சீனா. சுவிஸ் தாவரவியலாளர் அல்போன்ஸ் டி கண்டோல் 19ஆம் நூற்றாண்டிலேயே இதை வாதிட்டார். பிறகு யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் கிடைத்த பீச் கொட்டைகள், அங்கே ஏறத்தாழ 8000 வருடங்களுக்கு முன்பே மக்கள் இந்தப் பழத்தைப் பயன்படுத்தினார்கள் என்று காட்டின. வழியில் நின்ற ஊரின் பெயர் நிலைத்தது, பிறந்த ஊரின் பெயர் போய்விட்டது. மரத்துக்கு மட்டும் நடக்கிற விஷயம் இல்ல இது.

இந்தியத் துணைக்கண்டத்துக்கு பீச் வந்ததைப் பற்றி 7ஆம் நூற்றாண்டுப் பயணி யுவான் சுவாங் ஒரு கதை எழுதியிருக்கிறார். பேரரசர் கனிஷ்கரின் காலத்தில் பணயக் கைதிகளாக அனுப்பப்பட்ட சீன இளவரசர்கள் பஞ்சாப் பகுதியில் தங்கவைக்கப்பட்டார்களாம். அதுவரை அங்கே இல்லாத பீச்சையும் பேரியையும் அவங்கதான் நட்டார்களாம். அதனால் பீச்சுக்கு 'சீனானி' என்றும், பேரிக்கு 'சீன ராஜபுத்திரன்' என்றும் பெயர் வந்தது என்கிறார். கதை எவ்வளவு உண்மை என்பது வேற விஷயம். ஆனா ஊரை விட்டு அனுப்பப்பட்ட ஒருத்தர் போன இடத்தில் முதல்ல மரம் நட்டார் என்று மக்கள் நம்பியது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சீனாவில் பீச் நீண்ட ஆயுளின் அடையாளம். ஆயுளின் தெய்வத்தைக் கையில் பீச்சோடுதான் வரைவார்கள். வேடிக்கை என்னவென்றால், மா, பலா போல பல தலைமுறை பார்க்கிற மரம் இல்ல பீச். வீட்டுத் தோட்டத்தில் பெரும்பாலும் 15, 20 வருடம்தான். ஆனா சீக்கிரம் காய்க்கும். நட்டு மூன்றாவது வருடம் பழம் பார்க்கலாம். இந்த மூன்று வருடம் என்ற கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பிறகு தேவைப்படும்.

முதல் வழி: சுவரும் கத்தரியும்

பீச் வசந்தத்தின் தொடக்கத்திலேயே பூத்துவிடும். அதற்குப் பிறகு ஒரு இரவு உறைபனி விழுந்தால் அந்த வருடப் பழம் அவ்வளவுதான். வட பிரான்ஸ் மாதிரி இடத்தில் இது பெரிய பிரச்சினை.

பாரிஸுக்குக் கிழக்கே இருக்கிற மொந்த்ரேய் என்ற ஊர் இதற்குக் கண்டுபிடித்த பதில், சுவர். 17ஆம் நூற்றாண்டிலிருந்து அங்கே காணிகளை நீளமான கீற்றுகளாகப் பிரித்து, உயரமான சுவர்கள் எழுப்பி, அந்த ஊரிலேயே கிடைத்த ஜிப்சத்தால் சாந்து பூசினார்கள். பகலில் சுவர் வெயிலைக் குடிக்கும், இரவில் அந்தச் சூட்டை மெதுவாக விடும். மரத்தைச் சுவரோடு ஒட்டி, விசிறி மாதிரித் தட்டையாக வளர்த்தார்கள். பழந்துணிக் கீற்றுகளால் ஒவ்வொரு கிளையையும் பிடித்து, அந்தத் துணியைச் சுவரில் ஆணியால் அடித்தார்கள். கிளை வளர வளர துணியைக் கழற்றி இடம் மாற்ற வேண்டும்.

இன்னொரு விஷயம். முந்திய வருடம் வளர்ந்த இளங்கிளையில்தான் பீச் காய்க்கும். ஒரு வருடம் வெட்டாமல் விட்டால் காய்ப்பு மரத்தின் நுனிக்கு ஏறிவிடும், கீழே வெறும் கட்டைதான் மிஞ்சும். அதனால் வருடா வருடம் கவ்வாத்து பண்ணியே ஆகணும். சுவரில் வளர்கிற மரத்துக்கு அதையும் தாண்டி, கோடையிலும் துளிர் கிள்ள வேண்டும்.

ஆகவே, மொந்த்ரேயின் மரம் இயற்கையில் குட்டை இல்ல. உழைப்பால் குட்டையாக்கப்பட்டது. பழம் அரண்மனைகளுக்கும் பாரிஸ் பணக்காரர் மேசைகளுக்கும் போனது. லூயி மன்னரின் வெர்சாய் சமையலறைத் தோட்டத்தைக் கட்டிய லா கின்தினியும் சுவர் மரங்களில் பேர் போனவர். உச்சத்தில் இருந்தபோது மொந்த்ரேயில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் சுவர் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ரயில் வந்தது. தெற்கு பிரான்ஸில் சுவரே இல்லாமல் வெயிலில் பழுத்த பீச் பாரிஸுக்கு வந்து இறங்க ஆரம்பித்தது. சுவரின் காலம் முடிந்துவிட்டது. மிஞ்சியதில் 8.5 ஹெக்டேயரை 2003இல் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தார்கள். இன்று அந்தச் சுவர்களுக்கு நடுவே ஊர்ச் சங்கங்கள் தோட்டம் செய்கின்றன.

இரண்டாவது வழி: சாடி

இங்கிலாந்தில் கதை வேற மாதிரிப் போனது. அங்கே கண்ணாடிக்கு வரி இருந்தது, அதனால் கண்ணாடி வீடு என்பது பிரபுக்களின் விஷயம். 1845இல் அந்த வரி நீக்கப்பட்டது. கண்ணாடி மலிந்ததும் நடுத்தர வர்க்கம் உள்ளே வந்தது.

அந்த நேரத்தைச் சரியாகப் பிடித்தவர் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் நாற்றுப் பண்ணை வைத்திருந்த தோமஸ் ரிவர்ஸ். சூடாக்கும் குழாய் எதுவும் இல்லாத, எளிமையான கண்ணாடிக் கூரைக் கொட்டகைக்குள் பீச், நெக்டரின் மரங்களைச் சாடியில் வளர்க்கலாம் என்று 1850களின் தொடக்கத்தில் ஒரு புத்தகம் எழுதினார். அது பல பதிப்புகள் கண்டது. பீச் கொட்டை போட்டால் சில நேரம் நெக்டரின் முளைக்கிறது என்ற அவருடைய அனுபவத்தை சார்ள்ஸ் டார்வின் கடிதம் எழுதிக் கேட்டு வாங்கித் தன்னுடைய ஆய்வில் பயன்படுத்தினார்.

சாடியின் வேலை சுலபமானது. வேருக்கு இடம் இல்லாவிட்டால் மரம் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும், உயரத்துக்குப் போகிற சக்தி பூவுக்குப் போகும். ஆனா சும்மா விடவும் முடியாது. வருடத்துக்கு ஒரு தடவை வேரின் ஓரத்தை வெட்டிப் புது மண் போட வேண்டும். கோடையில் தினமும் தண்ணி, சில நாள் இரண்டு தடவை. ஒரு நாள் மறந்தாலும் காய் உதிரும். நடுத்தர வர்க்க வீட்டில் இதை யார் செய்தார்கள்? பெரும்பாலும் கூலிக்கு வந்த தோட்டக்காரர்.

இந்த இரண்டு வழியும் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன. மரம் சின்னதாக இருந்தாலும் வேலை சின்னதாகவில்லை.

மூன்றாவது வழி: குட்டையாகவே பிறப்பது

சீனாவில் இதற்குப் பல காலம் முன்பே மூன்றாவது வழி இருந்தது. 'ஷோஷிங் தாவ்' என்று ஒரு குள்ள பீச். ஆயுள் தெய்வத்தின் பெயரைத்தான் மரத்துக்கு வைத்திருக்கிறார்கள். கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில் இடைவெளியே இல்லாத மாதிரி இலை நெருங்கி வரும். பூக்கும்போது கிளை தெரியாது. அதனால் பழத்தை விடப் பூவுக்காகச் சாடியில் வளர்த்தார்கள்.

பிரான்ஸிலும் 18ஆம் நூற்றாண்டில் ஒரு குள்ள பீச் தெரிந்திருந்தது. தூஹாமெல் தூ மொன்சோ என்பவர் 1768இல் வெளியிட்ட பழமரப் புத்தகத்தில் அதுவும் இருக்கிறது. காய்த்த மரத்தைச் சாடியோடு விருந்து மேசையில் வைப்பார்கள், விருந்தாளிக்கு அது ஒரு வேடிக்கை.

அந்த வேடிக்கைப் பொருளை வீட்டு மரமாக மாற்றியது 20ஆம் நூற்றாண்டுக் கலிபோர்னியா. மொடெஸ்டோவில் இருந்த ஃபுளோயிட் ஸைகர் வசதியான வீட்டில் பிறந்தவர் இல்ல. மரங்களைக் கலப்பினம் செய்யும் வேலையைத் தன் குடும்பத்தையே சேர்த்துக்கொண்டு பல பத்தாண்டுகள் செய்தார். 1960களில் 'பொனான்ஸா' என்ற குள்ள பீச் சந்தைக்கு வந்தது. ஐந்தாறு அடி உயரம், ஆனா பழம் சாதாரண பீச்சின் அளவு. புறநகர் வீட்டின் முற்றத்தில் ஒரு பெரிய சாடி இருந்தால் போதும். ஏணி வேண்டாம், கூலித் தோட்டக்காரர் வேண்டாம்.

மரம் ஏன் குட்டையாகிறது? இதற்கான பதில் 2016இல்தான் முழுசாகக் கிடைத்தது. தாவரத்தை நீளச் சொல்கிற ஹோர்மோன் ஒன்று இருக்கிறது, பெயர் ஜிபரெலின். அந்தச் செய்தியைப் பெறுகிற ஏற்பி ஒன்றுக்கான மரபணு இந்த மரங்களில் பழுதாகியிருக்கிறது. 'வளரு' என்ற செய்தி வருகிறது, ஆனா அதைக் கேட்க ஆள் இல்ல. கணுக்களின் எண்ணிக்கை குறைவதில்லை, இடைவெளிதான் குறைகிறது. இது ஒடுங்கு இயல்பு. தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் மரம் குள்ளமாகும்.

இதில் ஒரு சுவாரசியமான சட்ட விஷயமும் இருக்கு. அமெரிக்காவில் 1930இல் தாவரக் காப்புரிமைச் சட்டம் வந்தது. புது வகை மரத்தை உருவாக்கியவர் குறிப்பிட்ட காலத்துக்கு அதைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆனா அந்தச் சட்டம் தடுத்தது ஒட்டுக்கட்டுவது, தண்டு நடுவது மாதிரியான பெருக்கத்தை மட்டும்தான். கொட்டை போட்டு முளைக்க வைப்பதை அது தடுக்கவில்லை. பீச் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கிற மரம். குள்ள மரம் தன்னோடு தானே சேர்ந்து காய்த்தால், கொட்டையிலிருந்து வருகிற பிள்ளையும் குள்ளமாகத்தான் இருக்கும். பழத்தின் ருசி கொஞ்சம் மாறலாம், ஆனா உயரம் மாறாது. ஆப்பிளில் இது நடக்காது, ஆப்பிள் கொட்டையை நம்பி நட்டால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. பீச் அந்த வகையில் ஏழைக்கு நல்ல மரம், கொட்டையே நாற்று.

மரத்தை வெட்டுவது என்றால்

பீச் கொட்டையின் இந்தக் குணத்தால்தான் அமெரிக்கக் கண்டத்தில் அது காட்டுத்தீ மாதிரிப் பரவியது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கொண்டுவந்தார்கள். ஆனா பரப்பியது அங்கிருந்த பூர்வகுடி மக்கள். கொட்டை கைமாறிக் கைமாறி உள்நாட்டுக்குள் போனது. பிறகு வந்த ஆங்கிலேயக் குடியேறிகள், தங்களுக்கு முன்னமே அங்கே பீச் தோப்புகள் இருந்ததைப் பார்த்தார்கள்.

1779இல் ஜோர்ஜ் வொஷிங்டனின் உத்தரவில் ஜெனரல் சலிவனின் படை இரொக்வாய் மக்களின் ஊர்களுக்குள் போனது. 40க்கும் மேற்பட்ட கிராமங்களை எரித்தது, பழத்தோப்புகளையும் வெட்டியது. 1864இல் அரிசோனாவில் கன்யன் டி ஷே என்ற பள்ளத்தாக்கில் நவஹோ மக்களுக்கும் அதுதான் நடந்தது. கிட் கார்சனின் படையெடுப்புக்குப் பிறகு அந்தக் கோடையில் சிப்பாய்கள் திரும்பி வந்து ஆயிரக்கணக்கான பீச் மரங்களை வெட்டினார்கள். ஆயிரக்கணக்கான நவஹோ மக்கள் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நடத்தியே கொண்டுபோகப்பட்டு நியூ மெக்சிகோவில் அடைக்கப்பட்டார்கள். 1868 ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் மறுபடி பீச் நட்டார்கள். இன்றும் அந்தப் பள்ளத்தாக்கில் பீச் இருக்கு.

சோளத்தை எரித்தால் ஒரு வருடப் பட்டினி. மரத்தை வெட்டுவது, 'நீ இங்கே திரும்பி வரக்கூடாது' என்று சொல்வது. மரம் நடுகிறவர் அதற்கு நேர் எதிரான ஒன்றைச் சொல்கிறார். இன்னும் மூன்று வருடத்துக்குப் பிறகும் நான் இங்கேதான் இருப்பேன் என்கிறார்.

நம்ம மலைக்கு வந்தா

இங்கேதான் எனக்கு மலையகம் ஞாபகம் வருகிறது. தேயிலை செடி இல்ல, மரம். வெட்டாமல் விட்டால் வீட்டுக்கூரைக்கு மேலே போகும். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கியதிலிருந்து இன்று வரை அது இடுப்பளவில் நிற்பதற்குக் காரணம், கொழுந்து எடுக்கிற கைகளும் சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிற கைகளும்தான். மொந்த்ரேயின் சுவர் மரம் மாதிரி இதுவும் உழைப்பால் குட்டையாக்கப்பட்ட மரம். மலையகத்து மனுசருக்கு மரத்தை எப்படிக் குட்டையாக வைப்பது என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்ல. அவங்களுக்கு இல்லாமல் இருந்தது, தனக்கென்று ஒரு மரம் நட நிலம்.

லயத்துக்கு முன்னால் இருக்கிற துண்டு நிலத்தில் பீன்ஸ் போடலாம், கீரை போடலாம். அது மூன்று மாதக் கணக்கு. காணியும் லயமும் தோட்டத்தின் சொத்து என்று இருக்கும்போது மூன்று வருடக் கணக்குக்கு யார் துணிவார்? 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று எழுதினார்கள். கலிபோர்னியாவில் முற்றத்து பீச் மரம் விற்பனைக்கு வந்த அதே பத்தாண்டு. அங்கே ஒரு குடும்பம் எந்தச் சாடி வாங்கலாம் என்று யோசித்த காலத்தில், இங்கே ஒரு குடும்பம் எந்தப் பட்டியலில் தன் பெயர் வரும் என்று காத்திருந்தது. கப்பலேறியவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் மறுபடி தேயிலைக்கே போனார்கள். அதுவும் பீச் காய்க்கிற மலைதான்.

பிரஜாவுரிமைக் கேள்வி 2003 சட்டத்தோடு பெரும்பாலும் முடிந்தது. காணிக் கேள்வி முடியவில்லை. கடந்த பத்து வருடங்களாகத் தனிவீட்டுத் திட்டங்களில் அடிக்கடி கேட்கிற எண், 7 பேர்ச். கிட்டத்தட்ட 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீடு கட்டினால், பாதை, வடிகான் போக மிச்சத்தில் ஒரு தோட்டம் வரும். சாதாரண பீச் மரத்துக்கு ஒன்றுக்கே 15 அடி அகலம் வேண்டும். குள்ள மரத்துக்கு ஆறடி போதும். அந்தத் துண்டு நிலத்தில் மரக்கறிப் பாத்தியும் வைத்து, ஓரத்தில் மூன்று நான்கு குள்ள மரமும் வைக்கலாம்.

காலநிலை சரிவருமா என்று கேட்பீங்க. பீச்சின் மொட்டு விழிக்க முன்பு குளிரில் தூங்க வேண்டும். 7 பாகைக்குக் கீழே எத்தனை மணித்தியாலம் என்று கணக்குப் பார்ப்பார்கள். குளிர்நாட்டு வகைகளுக்கு 600 முதல் 1000 மணித்தியாலம் வேண்டும், நம்ம ஊரில் அது நடக்காது. பொனான்ஸாவுக்குச் சுமார் 250 என்கிறார்கள், அதுவும் நமக்குக் கூடத்தான். ஆனா புளோரிடாப் பல்கலைக்கழகம் 1950களிலிருந்து தென்சீனா, ஒக்கினாவா வழி வந்த மரங்களைக் கலந்து, குளிர் குறைவாகத் தேவைப்படுகிற வகைகளை உருவாக்கியது. 'புளோர்டாபிரின்ஸ்' என்ற வகைக்கு 150 மணித்தியாலம் போதும். இந்தோனேசியாவின் பாத்து மலைப்பகுதியில் ஆப்பிள் மரங்களின் இலையைக் கையால் உருவி விட்டு, குளிர் இல்லாமலே பூக்க வைக்கிறார்கள். அதனால இங்கே நடப் போறவங்க முதல்ல குளிர் குறைந்த வகையாப் பார்க்கணும். அது குள்ள வகையா இல்லாட்டி, கவ்வாத்துக் கத்தி இருக்கு. முழு வெயில், தண்ணி தேங்காத மண், வருடாந்தக் கவ்வாத்து. நம்ம மழைக்கு இலைச்சுருட்டையும் பழ ஈயும் வரும், பிஞ்சுக்குப் பை கட்ட வேண்டியிருக்கும்.

இதெல்லாம் செய்யக்கூடிய வேலைதான். செய்ய முடியாமல் இருப்பது, பெயர் எழுதிய உறுதிப்பத்திரம் இல்லாத காணியில் மூன்று வருடத்தை நம்புவது. வீடு இருக்கு, திறப்பு இருக்கு, உறுதி இன்னும் வரல்ல என்று சொல்கிற குடும்பங்கள் இன்றும் இருக்கு. மலையகத்துக்கு வீட்டுத் தோட்டம் செய்யப் பயிற்சிப் பட்டறை நடத்துகிறவர்களிடம் கேட்க ஒரே கேள்விதான் இருக்கு. கன்று கொடுக்கிறீங்க, நல்லது. உறுதி எப்ப?